கண்ணீர் வற்றியதால் அன்பு வற்றிவிட்டதா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு 62 வயது. கூட்டுறவு வங்கி ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி காலமாகி இரண்டு ஆண்டுகள் நிறையப் போகின்றன. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, டயாலிசிஸ் செய்துகொண்டே சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தாள். மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாட்களிலும் விடியுமுன் எழுந்து எனக்குத் தோசை வார்த்து வைத்துவிட்டுத்தான் புறப்படுவாள். எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டாள்.

அவள் போன புதிதில் என் நெஞ்சு இறுகிப் பிடித்துக்கொள்ளும். மூச்சை முழுதாக இழுத்து விட முடியாது. மாப்பிள்ளை பயந்துபோய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அழுகையோ நேரம் காலம் பார்க்காமல் வரும். அப்போது, மிச்சமிருக்கும் வாழ்நாள் முழுவதும் இப்படியேதான் கழியும் என்று நினைத்தேன். அப்படிக் கழிவதுதான் நியாயம் என்றும் நினைத்தேன்.

கழியவில்லை. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, நெஞ்சின் இறுக்கம் தளர்ந்துவிட்டது. தூக்கம் வருகிறது. பசிக்கிறது. குடும்ப அட்டையில் அவள் பெயரை நீக்குவதற்காக வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். இறப்புச் சான்றிதழை நீட்டி, படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ஒப்புகைச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. மின் கட்டணம் கட்டிவிட்டு வருவதைப்போல வீடு வந்து சேர்ந்தேன்.

ஆனால் அதற்குச் சில நாட்கள் கழித்துப் பஸ்ஸில் போகும்போது, முன் இருக்கையில் ஒரு பெண் குழந்தைக்கு ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். என் மனைவிக்கு ஆரஞ்சு, வாழைப்பழம் எல்லாம் கூடாது என்று மருத்துவர் தடுத்திருந்தார். நான் சாப்பிடும்போது தோலை மட்டும் கேட்டு வாங்கி, நகத்தால் கீறி முகர்ந்து பார்ப்பாள். அந்த வாசனை வந்ததும் எனக்கு அழுகை பீறிட்டுவிட்டது. நடத்துநர் வந்து தண்ணீர் கொடுத்தார். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அது தானாகவே அடங்கியும் விட்டது.

இப்போது பிரச்சினை என் மகளிடமிருந்து வந்திருக்கிறது. கோயம்புத்தூரில் இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், ஐந்து வயதில் ஒரு பையன் இருக்கிறான். சென்ற மாதம் என் நண்பரின் மணிவிழாவில் நான் வாய்விட்டுச் சிரித்ததை யாரோ படம்பிடித்து அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அம்மாவை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டீர்களா என்று கேட்டாள். அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. அவள் துக்கம் அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மாவின் செல்பேசிக்குச் சார்ஜ் போட்டு வைக்கிறாள். கிழமை வாரியாக அறை பிரித்த மாத்திரைப் பெட்டி ஒன்று அலமாரியில் இருக்கிறது. என் மனைவி இறந்தது ஒரு புதன்கிழமை. வியாழன் முதல் சனி வரையிலான மாத்திரைகள் அதில் அப்படியே இருக்கின்றன. அதை யாரும் தொடக்கூடாது என்கிறாள். அம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தாலோ, எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறாள்.

இந்த நேரத்தில் என் செல்பேசிக்கு ஒரு வாசகம் வந்தது. எபிக்டெட்டஸ் என்ற ஸ்டோயிக் தத்துவஞானி சொன்னதாம்: மனிதர்களைக் கலங்கவைப்பவை நிகழ்வுகள் அல்ல, நிகழ்வுகளைப் பற்றி அவர்கள் கொள்ளும் தீர்ப்புகளே. எல்லோருக்கும் ஆறுதல் தரும் வாசகம் என்னைத் தூங்கவிடாமல் செய்துவிட்டது. துயரம் என்பது ஒரு தீர்ப்பு என்றால், என் துயரம் குறைந்ததற்கு என் தீர்ப்பு மாறிவிட்டது என்பதுதானே பொருள்? அவள் இறந்தது பெரிய இழப்பில்லை என்று உள்ளுக்குள் நான் முடிவு செய்துவிட்டேனா? சத்தியமாக இல்லை. இன்றைக்கு யார் கேட்டாலும் என் வாழ்வின் மிகப் பெரிய இழப்பு அவள்தான் என்பேன். அப்படியானால் அந்தத் தத்துவம் தவறா, நான் பொய்யனா? வாழ்நாள் முழுவதும் கணக்குப் பார்த்தவன். இந்தக் கணக்கு எனக்கு நேராகவில்லை.

அவள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வலிந்து அழப் பார்க்கிறேன். வரவில்லை. மகளுக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்.

*

அன்புள்ள ஐயா,

வலிந்து அழ முயல்வதை இன்றே விட்டுவிடுங்கள். உங்கள் துணைவியாருக்கு நீங்கள் செலுத்தவேண்டிய கடன் எதுவும் அந்தக் கண்ணீரில் இல்லை. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். ஆனால் கணக்கு நேராகும்வரை உங்களுக்கு நிம்மதி வராது என்பதும் கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. ஆகவே கணக்கையும் பார்ப்போம்.

இந்தக் கணக்கு இடிக்கிறது என்று முதலில் கண்டவர்கள் ஸ்டோயிக்குகளே. ஏதென்ஸில் ஜீனோ தொடங்கிய இந்தத் தத்துவப் பள்ளிக்கு மூன்றாவது தலைவராக இருந்தவர் கிரைசிப்பஸ். கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக்காரர். எழுநூறுக்கும் மேற்பட்ட சுவடிகள் எழுதியவர் என்று பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் கூறுகிறார். ஒன்றுகூட முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. உணர்ச்சிகளைப் பற்றி அவர் எழுதிய நூலில் சில பகுதிகள் மட்டும் பிழைத்திருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றித் தந்தவர் அவரை ஏற்றுக்கொள்ளாத ஒரு மருத்துவர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் புகழ்பெற்றிருந்த கேலன், கிரைசிப்பஸை மறுப்பதற்காகவே பக்கம் பக்கமாக அவரை மேற்கோள் காட்டினார். அந்த மேற்கோள்களில் உங்கள் கேள்வி இருக்கிறது. துயரம் எப்படித் தணிகிறது, நாம் கொண்டிருந்த எண்ணம் ஏதேனும் மாறுவதாலா, எண்ணங்கள் எல்லாம் அப்படியே இருக்கும்போதேயா, அப்படியே இருக்கின்றன என்றால் எக்காரணத்தால் என்று கிரைசிப்பஸ் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறார்.

அவர் கண்ட விடையைப் புரிந்துகொள்ள, துயரத்துக்குள் என்னென்ன இருப்பதாக அவர்கள் நினைத்தார்கள் என்று பார்க்கவேண்டும். செல்பேசியில் வரும் ஒற்றை வரி இதைச் சொல்வதில்லை. ஸ்டோயிக்குகளின் கணக்குப்படி துயரத்தில் இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன. எனக்கு ஒரு தீங்கு நேர்ந்திருக்கிறது என்பது முதல் தீர்ப்பு. அதற்காக நான் இப்போது ஒடுங்கிச் சுருங்குவது தகும், அதுவே முறை என்பது இரண்டாவது. சுருங்குவது என்பதை அவர்கள் உவமையாகச் சொல்லவில்லை. ஆன்மாவும் ஒரு வகைப் பொருளே, அதன் தலைமையிடம் நெஞ்சிலே இருக்கிறது என்பது அவர்கள் கொள்கை. ஆகவே துயரப்படும்போது நெஞ்சுக்குள் உண்மையாகவே ஒரு சுருக்கம் ஏற்படுகிறது என்றார்கள். ஈ.சி.ஜி.யில் அகப்படாத இறுக்கம் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு கிரைசிப்பஸின் நினைவுதான் வந்தது.

இனி அவருடைய விடை. நேர்ந்தது தீங்கு என்ற எண்ணம் நிலைத்திருக்கிறது, ஆனால் நாட்பட நாட்பட அந்தச் சுருக்கமும், சுருங்க வேண்டும் என்ற உந்துதலும் தணிந்துவிடுகின்றன என்று அவர் கருதினார். உங்கள் நிலையை இதைவிடச் சரியாகச் சொல்ல என்னால் முடியாது. மிகப் பெரிய இழப்பு எது என்று கேட்டால் இன்றும் உங்கள் பதில் மாறவில்லை. முதல் தீர்ப்பு அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த இறுக்கம்தான் தளர்ந்திருக்கிறது. ‘இப்படியே வாழ்நாள் முழுவதும் கழிவதுதான் நியாயம்’ என்று நீங்கள் எழுதினீர்களே, அதுதான் இரண்டாவது தீர்ப்பு. அதுவும் தளர்ந்திருக்கிறது. அது மனைவியைப் பற்றிய தீர்ப்பு அன்று. உங்கள் கடமையைப் பற்றிய தீர்ப்பு. அது மாறியதால் அவர் உங்களுக்கு எவ்வளவு பெரியவர் என்பதில் ஒரு பைசாகூடக் குறையவில்லை.

ஏன் தணிகிறது என்ற கேள்விக்கு கிரைசிப்பஸிடம் முழு விடை இல்லை. எண்ணம் அப்படியே இருந்தும், இடையில் வந்து சேர்ந்த வேறு ஏதோ ஒரு மனநிலையால் அதன் விளைவுகள் அதற்குக் கீழ்ப்படியாமல் போகலாம், அது என்னவென்று ஆய்ந்து சொல்வது கடினம் என்கிறார். காரணம் தெரியவில்லை என்று இவரே ஒப்புக்கொள்கிறார் பாருங்கள் என்று கேலன் இதைப் பிடித்துக்கொண்டு சாடுகிறார். எனக்கு அந்த இடத்தில் கிரைசிப்பஸ் மீது மதிப்பு கூடுகிறது. தன் கோட்பாட்டுக்கு இடைஞ்சலான உண்மையை மறைக்காமல் எழுதி வைத்தார். மனிதர் அழுகையை உற்றுப் பார்த்திருக்கிறார். அழ விரும்பாதபோது அழுகை வருகிறது, தொடர விரும்பினாலும் நின்றுவிடுகிறது, நம் முன்னே வந்து நிற்கும் தோற்றங்கள் மாறுவதைப் பொறுத்து இது நிகழ்கிறது, சிரிப்பும் இப்படித்தான் என்பது அவர் கவனிப்பு. உங்கள் பஸ் பயணமும், படத்தின் முன் வராத கண்ணீரும், மணிவிழாச் சிரிப்பும் அந்த ஒரு பத்தியில் அடங்கிவிடுகின்றன.

இவருக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து வந்தவர் பொசிடோனியஸ். அவரும் ஸ்டோயிக்தான், ரோட்ஸ் தீவில் பள்ளி நடத்தியவர். தன் பள்ளியின் பெரியவர் சொன்னது போதாது என்று துணிந்து சொன்னார். தீர்ப்பு அப்படியே இருக்கும்போது உணர்ச்சி மட்டும் தேய்கிறது என்றால், உணர்ச்சி என்பது தீர்ப்பு மட்டுமாக இருக்க முடியாது என்றார். மனத்தில் பகுத்தறிவுக்கு வெளியே இயங்கும் ஆற்றல்களும் உண்டு என்பது அவர் கட்சி. வெறிகொண்டு ஓடும் குதிரை சவாரி செய்பவனை இழுத்துக்கொண்டு போகிறது. ஓடி ஓடிக் களைத்து, ஓட்டத்தின் ஆசையும் தீர்ந்த பிறகு கடிவாளம் மறுபடி அவன் கைக்கு வருகிறது. துயரம் தணிவதும் அதைப்போன்றது என்றார். அந்த ஆற்றல்கள் வாதங்களுக்கு அசைவதில்லை, கண்முன் நிற்கும் படிமங்களுக்கு அசைகின்றன என்பதும் அவர் கருத்து. எனக்கு இந்த இடத்தில் பொசிடோனியஸ்தான் சரியென்று படுகிறது. இறப்புச் சான்றிதழ் என்பது எழுத்து. அது உங்கள் அறிவிடம் பேசியது, அறிவுக்கு அந்தச் செய்தி ஏற்கெனவே தெரியும். ஆரஞ்சுத் தோலின் வாசனை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

பஸ்ஸில் அழுததை நினைத்தும் கவலைப்பட வேண்டாம். எபிக்டெட்டஸையே இதற்குச் சாட்சியாக அழைக்கலாம். கப்பல் பயணம் ஒன்றில் புயல் அடித்தபோது உடன் வந்த ஸ்டோயிக் அறிஞர் ஒருவரின் முகம் வெளுத்துப்போனதை ரோமானிய எழுத்தாளர் ஜெல்லியஸ் பதிவு செய்திருக்கிறார். கடல் அடங்கிய பிறகு காரணம் கேட்டபோது, அந்த அறிஞர் எபிக்டெட்டஸின் நூல் ஒன்றை எடுத்துக் காட்டினாராம். திடீரென்று வந்து மோதும் தோற்றத்தால் அறிஞனுக்கும் முகம் வெளுக்கும், உடல் நடுங்கும், அது நம் கையில் இல்லை, அதன் பிறகு அதற்கு ‘ஆம்’ என்று ஒப்புதல் தருவது மட்டுமே நம் கையில் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. ஸ்டோயிக்குகளைக் கல்நெஞ்சர்கள் என்று எண்ணுபவர்கள் இந்தப் பகுதியைப் படித்திருக்கமாட்டார்கள். ரோமானிய ஸ்டோயிக் தத்துவஞானி செனெகாவும் லூசிலியஸ் என்ற நண்பருக்கு ஆறுதல் எழுதும்போது, என் அருமை நண்பன் செரீனஸுக்காக நான் அளவு மீறி அழுதேன் என்று வெளிப்படையாகச் சொல்கிறார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவர்களோடு உடன்படவில்லை, அதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது. கண்டிப்பான ஸ்டோயிக் கொள்கைப்படி, உங்கள் மனைவியின் மரணம் உண்மையில் ஒரு தீங்கே அன்று. ஒழுக்கக் கேடு மட்டுமே தீங்கு, மற்றவை எல்லாம் நம்மை நல்லவராகவோ கெட்டவராகவோ ஆக்காதவை. துயரப்படுபவருக்கு இதைக் கற்பித்தாலே போதும் என்று கிரைசிப்பஸின் ஆசிரியர் கிளியாந்தஸ் நினைத்தார். கூடவே இருந்து, நோயிலும் உங்களுக்குத் தோசை வார்த்துப் போட்டவரை இழந்தது தீங்கில்லை என்று உங்களிடம் நான் சொல்லமாட்டேன். சொன்னால் நம்பவும் மாட்டீர்கள். கிரைசிப்பஸ் இதில் நடைமுறை அறிந்தவராக இருந்தார். ஆறுதல் சொல்வதில் முதன்மையானது, துக்கம் காப்பது தன் கடமை என்று துயரப்படுபவர் கொண்டிருக்கும் எண்ணத்தை நீக்குவது என்று அவர் கருதியதாக ரோமானியப் பேச்சாளரும் எழுத்தாளருமான சிசரோ எழுதுகிறார். ஆலோசனை அறையில் நான் பார்த்தவரையிலும் இழப்பை விட அதிகமாக மனிதர்களை நசுக்குவது இந்தக் கடமைதான். உங்களையும் அது விடவில்லை. துக்கம் போன பிறகும் துக்கம் காக்க முயன்று படத்தின் முன் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இனி உங்கள் மகள்.

துயரம் எவ்வளவு காலம் புதிதாக இருக்கும் என்பதை நாட்காட்டி தீர்மானிப்பதில்லை என்பதற்குச் சிசரோ ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். இன்றைய துருக்கியின் போத்ரும் நகரம் அன்று ஹாலிகார்னாசஸ். அதன் மன்னன் மாசோலஸ் கி.மு. 353இல் இறந்தான். அவன் மனைவி ஆர்ட்டெமிசியா அவனுக்காக எழுப்பத் தொடங்கிய கல்லறை பழங்கால உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றாயிற்று. அவள் வாழ்ந்தவரை துக்கத்திலேயே வாழ்ந்து, அதிலேயே உருகி மாண்டாள். தீங்கு நேர்ந்தது என்ற அந்த எண்ணம் அவளுக்கு ஒவ்வொரு நாளும் புதிதாகவே இருந்தது என்கிறார் சிசரோ. உங்கள் மகள் செல்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதும், வியாழக்கிழமை மாத்திரைகளைக் காப்பதும் இதுதான். அந்தப் புதன்கிழமையை முடியவிடாமல் பிடித்து வைத்திருக்கிறாள். அதை விட்டால் அம்மாவை இரண்டாம் முறை இழந்துவிடுவோம் என்று அஞ்சுகிறாள். உங்கள் சிரிப்பு அவளைச் சுட்டது அதனால்தான்.

அவள் கோபத்தில் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது: துயரம் குறைந்தால் நினைவும் குறைந்துவிடும். இந்தக் கருத்து தவறு என்பதற்குச் செனெகா தரும் சான்றைப் போல் இன்னொன்றை நான் படித்ததில்லை. மார்சியா என்ற பெண்மணி, மகனை இழந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் துயரம் ஆறாமல் இருந்தார். அவருக்கு எழுதிய நீண்ட மடலில் செனெகா, ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் குடும்பத்திலிருந்தே இரண்டு தாய்மாரை எதிரெதிரே நிறுத்துகிறார். அகஸ்டஸின் சகோதரி ஒக்டேவியா, கி.மு. 23இல் மகன் மார்செல்லஸை இழந்தவர். அகஸ்டஸின் மனைவி லிவியா, கி.மு. 9இல் மகன் ட்ரூசஸை இழந்தவர். மகன்கள் இருவருமே ரோமின் எதிர்காலம் என்று ஊர் நம்பியிருந்த இளைஞர்கள். ஒக்டேவியா சாகும்வரை அழுகையை விடவில்லை. தன் மகனின் உருவப்படம் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை, அவன் பெயரைத் தன் முன்னால் யாரும் எடுக்கக்கூடாது என்றார், மகன்களை உடைய தாய்மார் எல்லோரையும் வெறுத்தார். லிவியாவோ, மகனை அடக்கம் செய்தபோதே துயரத்தையும் இறக்கி வைத்தார். அதன் பிறகு ட்ரூசஸின் பெயரைச் சொல்லாத நாளில்லை. வீட்டிலும் பொது இடங்களிலும் அவன் உருவத்தை வைத்தார், அவனைப் பற்றிப் பேசுவதிலும் பிறர் பேசக் கேட்பதிலும் மகிழ்ந்தார்.

யார் வீட்டில் மகன் இருந்தான் என்று நீங்களே சொல்லுங்கள். துயரத்தைக் கெட்டியாகப் பிடித்திருந்தவரால் பெயரைக்கூடக் கேட்க முடியவில்லை. அம்மா பேச்சு வந்ததும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறாள் என்று நீங்கள் எழுதிய வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்களால் ஆரஞ்சுத் தோலைப் பற்றி எனக்கு எழுத முடிகிறது. அவளால் அதைக் கேட்க முடியவில்லை.

ஆனால் இந்தக் கதையை நீங்கள் அவளிடம் வாதமாக எடுத்து வைத்தால் காரியம் கெட்டுவிடும். மனத்தின் புது வீக்கத்துக்கு மருந்து போடக்கூடாது என்பது கிரைசிப்பஸின் எச்சரிக்கை, இதையும் சிசரோதான் குறித்து வைத்திருக்கிறார். ஆண்டுகள் இரண்டானாலும் அவளுடைய வீக்கம் புதியதே. சிசரோ இதைப் பட்டு அறிந்தவர். கி.மு. 45ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் மகள் துல்லியா, குழந்தை பெற்ற சில வாரங்களில் இறந்துபோனாள். அவர் அஸ்டுராவில் இருந்த தன் வீட்டுக்குப் போய் ஒதுங்கிக்கொண்டார். காலையில் முள்ளடர்ந்த காட்டுக்குள் போனால் மாலைவரை வெளியே வருவதில்லை, புத்தகங்களோடு பேசுகிறேன், அழுகை குறுக்கிடுகிறது என்று நண்பர் அட்டிகஸுக்கு எழுதினார். தத்துவம் அத்தனையும் கற்றவர், ஆறுதல் நூல்கள் எல்லாவற்றையும் படித்துப் பார்த்தவர். சில வாரங்களில் அதே நண்பருக்கு இன்னொரு கடிதம்: வெளியே தெரியும் துக்கத்தைக் குறைத்துக்கொண்டேன், உள்ளே இருக்கும் வலியைக் குறைக்க முடியவில்லை, முடிந்தாலும் அதை விரும்பமாட்டேன். அந்த ஆண்டுக் கோடையில் டஸ்குலம் வீட்டில் உட்கார்ந்து அவர் எழுதிய உரையாடல்களில்தான் ஆர்ட்டெமிசியாவும் கிரைசிப்பஸும் வருகிறார்கள். உங்கள் மகளின் துயரத்தை அவர் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அவள்மீது உங்களுக்கு வருத்தம் தோன்றாது.

இன்றைய உளவியலும் இந்த வழியில்தான் வந்திருக்கிறது. எண்ணங்களைச் சீர்தூக்கிப் பார்த்து உணர்ச்சிகளை மாற்ற ஆல்பர்ட் எல்லிஸும் ஆரன் பெக்கும் உருவாக்கிய உளவியல் சிகிச்சை முறைகள் ஸ்டோயிக்குகளைத் தங்கள் முன்னோடிகளாகவே குறிப்பிடுகின்றன. துயரப்படுபவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்வின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவது இயல்பு என்று 1999இல் நெதர்லாந்தின் உளவியலாளர்கள் ஸ்ட்ரோபேயும் ஷுட்டும் விளக்கினார்கள். நீங்கள் இப்போது போய்வந்துகொண்டிருக்கிறீர்கள். மணிவிழாவில் ஒரு பக்கம், பஸ்ஸில் மறுபக்கம். உங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

மகளைப் பற்றிச் சிறிது கவலை இருக்கிறது. அவள் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, பிள்ளையோடு விளையாடுகிறாளா, வேலையில் கவனம் செலுத்த முடிகிறதா என்று மாப்பிள்ளையிடம் தனியே கேளுங்கள். ஆறு மாதங்களுக்கு மேல் குறையாமல் நீடித்து, அன்றாட வாழ்வையே முடக்கிப்போடும் துயரத்தை உலக சுகாதார நிறுவனம் இப்போது தனி நோய்நிலையாகவே வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கென்று சிகிச்சையும் இருக்கிறது. மாப்பிள்ளை சொல்லும் பதில்கள் கவலை தருவதாக இருந்தால், மனநல மருத்துவரையோ பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகரையோ அவள் பார்க்கவேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். வாழவே பிடிக்கவில்லை என்பதுபோல அவள் ஏதேனும் சொல்லியிருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அவளிடம் நீங்கள் பேசவேண்டியதற்கும் லிவியாவின் கதையிலேயே வழி இருக்கிறது. ட்ரூசஸ் இறந்தபோது லிவியாவுக்கு ஆறுதல் சொன்னவர் அரியஸ் என்ற தத்துவஞானி. உங்களைச் சுற்றியிருப்பவர்கள் உங்கள் முன்னால் ட்ரூசஸின் பெயரைச் சொல்ல அஞ்சி ஒதுங்குகிறார்கள், அதனால் அவனைப் பற்றிய பேச்சை நீங்கள் இழக்கிறீர்கள், அவர்களைப் பேச விடுங்கள், அவன் சொன்னதையும் செய்ததையும் காது கொடுத்துக் கேளுங்கள் என்று அவர் சொன்னதாகச் செனெகா எழுதுகிறார். உங்கள் வீட்டில் அந்த முதல் பேச்சை நீங்கள்தான் தொடங்கவேண்டும், அதுவும் சின்னதாக. நான் அம்மாவை மறக்கவில்லை என்று வாதாட வேண்டாம். மணிவிழாவில் சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்க வேண்டாம். கேட்டால் சிரிப்பு ஒரு குற்றம் என்று அவள் எண்ணம் உறுதிப்பட்டுவிடும். பஸ்ஸில் நடந்ததை மட்டும் அவளிடம் சொல்லுங்கள். ஆரஞ்சுத் தோலை அவளுடைய அம்மா நகத்தால் கீறுவதை அவளும் பார்த்திருப்பாள். அவள் எழுந்து போனால் போகட்டும், பின்னாலேயே போகாதீர்கள். இன்னொரு நாள் இன்னொன்றைச் சொல்லுங்கள். நேரில் முடியாவிட்டால், எனக்கு எழுதியதைப்போல அவளுக்கும் எழுதுங்கள். உங்களுக்கு எழுத நன்றாக வருகிறது.

மாத்திரைப் பெட்டியை இப்போது எடுக்க வேண்டாம். அதை எடுப்பதா, எப்போது எடுப்பது என்பதை அவளே சொல்லட்டும். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஐந்து வயதுப் பேரன் வந்து போகும் வீடு அது. காலாவதியான மாத்திரைகள் அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. பெட்டியை உயரமான அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள், எதற்காக என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பேரனுக்காக என்றால் அவள் மறுக்கமாட்டாள். அந்தப் பையனுக்கு அவன் பாட்டியைப் பற்றி என்ன தெரியும் என்றும் கேட்டுப் பாருங்கள். தெரியாதவற்றை நீங்கள் சொல்லத் தொடங்கினால், பக்கத்து அறையில் அவன் அம்மாவுக்கும் அது கேட்கும்.

மாப்பிள்ளையிடம் பேசிய பிறகு எனக்கு எழுதுங்கள். மகள் விரும்பினால் இருவரும் சேர்ந்தே ஒருமுறை ஆலோசனைக்கு வரலாம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்